செல்ஃப் எடுக்காத செம்மல்

கூப்பிட்டவுடன் வந்து நிற்பவருக்கு இந்த நாட்டில் மரியாதை கிடையாது. வாழ்த்துரை முடிந்து, மைக் வீறிட்டு அடங்கி, கூட்டம் கொட்டாவி விடத் தொடங்கிய பிறகு வருகிறவரே தலைவர். எங்கள் பட்டறையின் லோடு வண்டிக்கு இந்தச் சூட்சுமம் தானாகவே கைவந்திருக்கிறது. சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடுகிற சில்லறை வண்டிகளின் கூட்டத்தில் அவரைச் சேர்க்கக் கூடாது. மனம் இரங்கினால் ஒரே முறுக்கில் உறுமுவார். இரங்காவிட்டால் 'டக்' என்று ஒரு சொல், அதோடு சரி. சான்றோர் அதிகம் பேசுவதில்லை.

அவருடைய கம்பெனிப் பெயரைச் சொல்லப் போவதில்லை. பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைப்பது நம் வழக்கமும் அல்ல. டீசலில் ஓடுபவர், எட்டு வயதைக் கடந்துவிட்டதால் ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டிய பருவத்தில் இருப்பவர், டி.என். 70 என்ற ஓசூர் எண்ணை நெற்றியில் தாங்கியவர். இது போதும். இனி வண்டியார் என்றே குறிப்பிடுகிறேன்.

எங்களுடையது ஓசூர் சிப்காட்டை ஒட்டிய ஜாப் ஒர்க் பட்டறை. புஷ், ஷாஃப்ட், ஃபிளாஞ்ச் என்று கடைந்து, எண்ணெய் தடவி, கிரேட்டில் அடுக்கி பொம்மசந்திராவுக்கும் ஜிகணிக்கும் அனுப்புவோம். அனுப்புவது நாங்கள், போய்ச் சேர்வதா வேண்டாமா என்று முடிவு செய்வது வண்டியார். காலைக்குள் சரக்கு வராவிட்டால் அங்கே லைன் நின்றுவிடும் என்று கம்பெனிக்காரர்கள் போனில் அலறுவார்கள். அவசரப்படுகிறவர்களுக்கு நிதானம் கற்றுக்கொடுக்க ஒருவர் வேண்டாமா?

அரசாங்கமே கைவிட்ட ஒரு மரபையும் அவர் தனியாளாகக் காப்பாற்றி வருகிறார். விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள் இருந்த காலத்தில் ஜூஜூவாடியில் சரக்கு வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். பில்லைக் காட்டி, சீல் வாங்கி, டீயையும் குடித்துவிட்டுத்தான் கர்நாடகத்துக்குள் நுழைய முடியும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தச் சாவடிகளுக்கு மூடுவிழா நடந்தது. சட்டம் மாறினால் என்ன, சம்பிரதாயம் மாறலாமா? ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவே நெரிசலில் மாட்டும்போது, டீசலை மிச்சம் பிடிக்க டிரைவர் அண்ணன் எஞ்சினை நிறுத்துவார். அந்த ஒரு கணத்துக்காகத்தான் வண்டியார் ஓசூரிலிருந்து காத்துக்கொண்டே வந்திருப்பார். பிறகு யார் வந்து சாவி திருப்பினாலும் பழைய காலத்துச் சோதனைச் சாவடி திறந்தே இருக்கும்.

அப்போது அங்கே நடப்பது ஒரு தேசிய ஒருமைப்பாட்டு விழா. பின்னால் நிற்கிற நாமக்கல் லாரியின் கிளீனர் இறங்குவார். பாகலூர்ப் பக்கமிருந்து ரோஜா மூட்டை ஏற்றிப் போகிற தெலுங்குக்காரர் இறங்குவார். போக்குவரத்தை ஒழுங்கு செய்கிற கன்னடக்காரர் முதலில் திட்டுவார், பிறகு அவரும் தோள் கொடுப்பார். மூன்று மொழியும் சேர்ந்து தள்ள, டிரைவர் அண்ணன் இரண்டாவது கியரில் கிளச்சை விட, வண்டியார் ஒரு குலுங்கு குலுங்கிக் கிளம்புவார். காவிரிக்காக 1990-ல் நடுவர் மன்றம் அமைத்தார்கள். இறுதித் தீர்ப்பு வர 2007 ஆயிற்று. அதன் பிறகும் இரண்டு மாநிலங்களையும் ஒரே திசையில் தள்ள வைக்க முடியவில்லை. வண்டியாருக்கு அதற்கு ஐந்து நிமிஷம் போதும்.

அவருடைய நற்குணங்களில் தலையாயது மெக்கானிக்கின் முன்னால் காட்டுகிற அடக்கம். பட்டறைக்குள் நுழைந்துவிட்டால் போதும், திருப்பத் திருப்ப ஸ்டார்ட் ஆவார். "இப்ப நல்லாத்தானே எடுக்குது?" என்று மெக்கானிக் டிரைவர் அண்ணனைப் பார்க்கிற பார்வையில், பொய் சாட்சி சொல்ல வந்தவனைப் பார்க்கிற நீதிபதி தோற்றுப் போவார். பெரிய இடத்தில் அடுத்தவர் மானத்தைக் காப்பாற்றுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வண்டியார் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு டிரைவர் மானத்தை வாங்குவார்.

டிரைவர் அண்ணன் அவருடைய பேச்சைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர். வண்டியாருக்கு மூன்று விதமான வாக்கு உண்டு என்பார். ஒன்று பரிபூரண மௌனம். இரண்டு, ஒற்றை 'டக்'. மூன்று, 'டக டக டக டக' என்று இடைவிடாத சொற்பொழிவு. இந்த மூன்றையும் பிரித்துக் கேட்டாலே பாதி வைத்தியம் முடிந்த மாதிரி.

மௌனம் என்றால் சாவியின் கட்டளை சொலினாய்டுக்கே போய்ச் சேரவில்லை. ஃபியூஸ், ரிலே, சாவி சுவிட்ச், இடையிலுள்ள மெல்லிய வயர் இவற்றில் எங்கோ வழி அறுந்திருக்கிறது. ஒற்றை 'டக்' என்றால் பெரும்பாலும் கட்டளை போய்விட்டது, சொலினாய்டும் நகர்ந்துவிட்டது, ஆனால் பெரிய கரண்ட் மோட்டாருக்குள் இறங்கவில்லை. சொலினாய்டின் செம்பு முனைகள் கருகியிருக்கலாம், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். செல்ஃப் மோட்டாரை ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டினால் எடுக்கிறதே, அது பிரஷ் ஒரு நூல் நகர்ந்து ஆர்மேச்சரைத் தொடுவதால்தான். அடிக்குப் பயந்து அல்ல. சொற்பொழிவின் கதை வேறு. சொலினாய்டு இழுக்கிறது; மோட்டார் கரண்டைக் குடிக்க ஆரம்பித்ததும் வோல்டேஜ் சரிகிறது; பிடித்துக்கொள்ளத் தெம்பில்லாமல் சொலினாய்டு விட்டுவிடுகிறது; விட்டதும் வோல்டேஜ் ஏறுகிறது; மறுபடி இழுக்கிறது. பேட்டரி தளர்ந்திருந்தால் இப்படி ஆகும். அல்லது, பேட்டரி நன்றாகவே இருந்து, வழியில் எங்கோ ஓர் இணைப்பு கரண்டை மறித்துக்கொண்டிருந்தாலும் ஆகும்.

அத்திப்பள்ளியில் வண்டியார் ஆற்றுவது பெரும்பாலும் சொற்பொழிவு. இதை டிரைவர் அண்ணன் மெக்கானிக்கிடம் சொன்னார். மெக்கானிக்கோ டிரைவர் சொல்வதைக் கேட்டு வேலை செய்கிற தரத்தைத் தாண்டியவர்.

அவரைப் புகழாமல் வண்டியாரை மட்டும் புகழ்வது பந்தியில் பாதிப் பேருக்குப் பாயசம் விட்ட பாவம். மீட்டர், அளவு என்று எதையும் நம்பிப் பிழைக்கிற மனிதர் அல்ல அவர், ஞானதிருஷ்டிக்காரர். பானெட்டைத் திறக்கும் முன்பே "பேட்டரி வீக்" என்றார். புதுப் பேட்டரி வந்தது. ஒரு வாரம் வண்டியார் ஒழுங்காக இருந்தார். மெக்கானிக்கின் புகழ் சிப்காட் எங்கும் பரவியது. மறுபடி அத்திப்பள்ளியில் சொற்பொழிவு. "செல்ஃப் மோட்டார் போயிடுச்சு." பிரஷ்ஷும் புஷ்ஷும் மாற்றினார். பிறகு மோட்டாரையே மாற்றினார். பிறகு ரிலே, பிறகு சாவி செட். ஒவ்வொன்றுக்கும் வண்டியார் சில நாள் மரியாதை காட்டினார். நடுவில் ஆக்சிலரேட்டர் கேபிள் இறுகிப்போய் மிதி திரும்பாமல் நின்றது, அதையும் மாற்றினார். கொஞ்ச காலத்தில் புதுக் கேபிளும் இறுகியது, இன்னொன்று போட்டார். செல்ஃப் கோளாறுக்கும் கேபிளுக்கும் என்ன சம்பந்தம் என்று அவரும் கேட்கவில்லை, முதலாளியும் கேட்கவில்லை. தனித்தனி நோய்க்குத் தனித்தனி பில், கணக்கு சுத்தம்.

இதில் மெக்கானிக்கை மட்டும் சொல்லிப் பயனில்லை. இந்த மோட்டாரின் பரம்பரையே அப்படி. அமெரிக்காவில் கெட்டரிங் என்பவர் முதலில் கடைகளின் கல்லாப்பெட்டி தானாகத் திறக்க மின்மோட்டார் மாட்டியவர். அந்த அனுபவத்தோடுதான் காருக்கு செல்ஃப் ஸ்டார்ட்டர் செய்தார். 1912-ஆம் வருஷத்து கேடிலாக் காரில் அது வந்தது. அதுவரை முன்னால் நின்று கம்பியைச் சுற்றிக் கை எலும்பை முறித்துக்கொண்டிருந்தவர்கள் பிழைத்தார்கள். மோட்டார் மட்டும் பழைய தொழிலை மறக்கவில்லை. செல்ஃப் கெட்ட இடத்தில் கல்லாப்பெட்டி இன்றும் தானாகவே திறந்துகொள்கிறது.

மெக்கானிக்கின் கையில் கருவியே இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். டெஸ்ட் லாம்ப் ஒன்று வைத்திருக்கிறார். ஒரு பல்பு, இரண்டு வயர், ஒரு ஊசி. ஊசியால் குத்துவார், பல்பு பளிச்சென்று எரியும். "பாத்தீங்களா, கரண்ட் வருதுல்ல?" வருகிறதுதான். ஐந்து வாட் பல்பு கேட்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. ஒரே ஒரு செம்பு நூல் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது எரியும். செல்ஃப் மோட்டார் கேட்பது நூற்றைம்பது ஆம்பியர், சமயத்தில் அதற்கும் மேல். ஓர் இணைப்பில் 0.015 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பல்புக்கு அது தெரியவே தெரியாது. நூற்றைம்பது ஆம்பியர் ஓடும்போது அதே இடம் இரண்டே கால் வோல்ட்டை விழுங்கிவிடும். மல்டிமீட்டரை ஓமில் வைத்துப் பார்த்தாலும் அகப்படாது, மீட்டரின் சொந்த வயர்களுக்கே அதைவிட அதிகத் தடை உண்டு. பாரம் ஏற்றினால்தான் விரிசல் தெரியும். செல்ஃப் சுற்றுகிற அந்த இரண்டு விநாடியில், இணைப்பின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் எத்தனை வோல்ட் வித்தியாசம் என்று பார்க்க வேண்டும். இது ஐ.டி.ஐ. முதல் வருஷப் பாடம். ஞானதிருஷ்டி உள்ளவர்களுக்கு ஐ.டி.ஐ. எதற்கு?

பட்டறையிலேயே கிடக்கிற வண்டியாரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஔவையார் ஞாபகம் வரும். சம்பந்தம் இருக்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட தகடூர் இன்றைய தருமபுரி. அந்தத் தருமபுரியிலிருந்து பிரித்து 2004 பிப்ரவரியில் உண்டாக்கியதுதான் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டம். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையாருக்கு அவன் தன் ஆயுதசாலையைச் சுற்றிக் காட்டினான். அங்கே வேல்களெல்லாம் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலுக்குள் பத்திரமாக இருந்தன. ஔவையார் பாராட்டினார்: உன் வேல்கள் எவ்வளவு அழகு! எங்கள் அரசனுடைய வேல்கள் பகைவரைக் குத்திக் குத்தி முனை ஒடிந்து கொல்லனுடைய பட்டறையில் அல்லவா கிடக்கின்றன! புறநானூற்றின் 95-ஆம் பாட்டு. வஞ்சப்புகழ்ச்சிக்கு இதைவிடப் பழைய முகவரி எங்கள் வட்டாரத்துக்குத் தேவையில்லை.

வண்டியார் ஔவையாரையும் திணற அடித்திருப்பார். கொல்லன் பட்டறையில் கிடப்பவன் வீரன், நெய் பூசி மின்னுபவன் போருக்குப் போகாதவன் என்று பிரித்தார் பாட்டி. வண்டியார் மின்னவும் மின்னுகிறார், பட்டறையிலும் கிடக்கிறார். அவர் போகாத ஒரே இடம் போர்க்களம்.

மின்னுவது எப்படி என்று கேட்கிறீர்களா? எஃப்.சி. உபயம். தகுதிச் சான்று வாங்கப் போகும் முன் வண்டிக்குப் பெயின்ட் அடிப்பது எங்கள் பக்கத்து அனுஷ்டானம். பாடிக்கு ஒரு நிறம், சேசிஸுக்குக் கறுப்பு, பின்பக்கம் சிவப்பாக மின்னும் ஸ்டிக்கர். துருவின் மேல் பெயின்ட், பெயின்ட்டின் மேல் பெயின்ட். ஆண்டுக்கு ஆண்டு வண்டியார் இளமையாகிறார். சேசிஸின் தோல் மட்டும் தடித்துக்கொண்டே போகிறது.

இனி எங்கள் ஊரின் பெருமையைச் சொல்லியாக வேண்டும். 1980-ல் இருவர் போகும் டி.வி.எஸ். 50 மொப்பெட் இங்கிருந்துதான் புறப்பட்டது. அசோக் லேலண்டின் லாரிகள் இங்கே உருவாகின்றன. டைட்டன் கைக்கடிகாரத்தின் பொடிப் பற்சக்கரங்கள் இங்கே சுற்றுகின்றன. இந்த மூன்றைச் சுற்றி எங்களைப் போன்ற சின்னப் பட்டறைகள் சந்துக்குச் சந்து. எங்களுக்குக் கடவுள் பெயர் மைக்ரான். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றின் தடிமனே எழுபது மைக்ரான் வரும். ஷாஃப்டில் பத்து மைக்ரான் கூடிவிட்டால் சிவப்பு டப்பாவில் விழும். மைக்ரோமீட்டர் ஒவ்வொன்றிலும் காலிபரேஷன் தேதி ஒட்டியிருக்கும். தேதி கடந்த மைக்ரோமீட்டரைத் தொட்டால் தீட்டு. சுவரில் ஃபைவ் எஸ், கைசன், ஒய்-ஒய் அனாலிசிஸ் அட்டவணை. ஒரு புஷ்ஷில் கீறல் விழுந்தால் 'ஏன்' என்று ஐந்து முறை கேட்டு ஐந்து கட்டங்களிலும் பதில் எழுதி, நான் உட்பட மூன்று பேர் கையெழுத்துப் போடுவோம்.

இவ்வளவு துல்லியத்தையும் கிரேட்டில் அடுக்கி, வண்டியார் மேல் ஏற்றி, பத்துப் பேர் சேர்ந்து தள்ளி அனுப்புவோம்.

அவரைப் பார்த்து 'ஏன்' என்று ஒரு முறைகூட யாரும் கேட்டதில்லை. கேட்காமல் இருந்ததற்குக் காரணம் சோம்பல் என்று நினைத்தால் அது எங்களை அவமதிப்பது, பக்தி. டிரைவர் அண்ணன் சந்திரசூடேஸ்வரர் மலையடிவாரத்தில் கற்பூரம் காட்டி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். அன்று முழுவதும் முதல் திருப்பிலேயே எடுத்தது. மெக்கானிக்கின் பேட்டரி ஒரு வாரம் தாங்கியது என்றால், எலுமிச்சம்பழம் ஒரு நாள் தாங்கியது. விலையோடு ஒப்பிட்டால் எலுமிச்சம்பழமே லாபம்.

இந்தப் பக்தி மார்க்கத்தைக் கெடுக்க ஒரு பெண் வந்தாள். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அப்ரண்டீஸாக எங்கள் இன்ஸ்பெக்ஷன் மேஜைக்கு வந்தவள். குமரி மாவட்டம், குளச்சல் பக்கம். அப்பாவுக்குக் கடல் தொழில். ஃபைபர் வள்ளத்தின் பின்னால் மாட்டுகிற வெளிப்பொருத்து எஞ்சின் ஒன்று வைத்திருக்கிறார், பழையது, செல்ஃப் உள்ளது. உப்புக் காற்றில் அதன் டெர்மினல்கள் பச்சை பூத்து, எடுக்கும் ஒரு நாள், எடுக்காது ஒரு நாள். கியர் நியூட்ரலில் இருந்தால்தான் எடுக்கும் என்று அதில் ஒரு சுவிட்ச் உண்டு. அதுவும் உப்பில் ஒட்டிக்கொள்ளும். கரையில் ஆயிரம் சந்தேகம் படலாம், கடலில் தள்ளிவிட யாரும் இறங்க மாட்டார்கள். மேல் மூடியைக் கழற்றி ஃபிளைவீலில் கயிறு சுற்றி இழுக்க வேண்டும். தோள் இருக்கிறவரை இழுக்கலாம். அதனால் அந்த வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம் ஒன்று உண்டாம்.

"எங்கப்பா எஞ்சின் எடுக்கலன்னா மொதல்ல கறுப்பு வயரத்தான் பாப்பாரு அண்ணா" என்றாள் டிரைவர் அண்ணனிடம். "எல்லாரும் சிவப்பையே பாப்பாங்க. போன கரண்ட் திரும்பி வரணும்லா?"

கிருஷ்ணகிரி அணையில் பரிசல் போட்டு மீன் பிடிக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. துடுப்புக்கு எர்த் தேவையில்லை. நாகரிகம் அடைந்தவர்களின் நோய் இது.

அவள் மெக்கானிக்கின் ஞானத்தோடு மோதவில்லை. இன்ஸ்பெக்ஷன் மேஜையிலிருந்து ஒரு மல்டிமீட்டரை வாங்கிக்கொண்டாள். நீள வயர் இரண்டு எடுத்து, ஒன்றின் நுனியை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே, மேலே மாட்டியிருக்கும் கிளாம்பில் அல்ல, அந்த ஈய முனையிலேயே பிடிக்க வைத்தாள். மற்றதை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டின் தலையில் கடிக்க விட்டாள். இரண்டையும் கேபினுக்குள் இழுத்து, மீட்டரை டேஷ்போர்டில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினாள். "ஸ்டார்ட் பண்றப்ப எவ்வளவு காட்டுதுன்னு பாத்து வைங்க. எடுக்காத அன்னிக்கு செல்லுல ஒரு போட்டோ மட்டும் எடுத்துருங்க." பட்டறையில் ஒழுங்காகவும் எல்லையில் ஒழுங்கீனமாகவும் நடக்கிறவரைப் பிடிக்க, எல்லைவரை சாட்சியைக் கூடவே அனுப்பிவிட்டாள். நல்ல நிலையில் அந்த இடத்தில் 0.2, மிஞ்சினால் 0.3 வோல்ட்தான் காட்ட வேண்டும். ஒழுங்காக எடுத்த நாட்களிலேயே ஒன்றுக்கு மேல் காட்டியது. அத்திப்பள்ளியில் சொற்பொழிவு நடந்த அன்று போட்டோ வந்தது: 5.8.

பேட்டரியின் பலத்தில் பாதி, மோட்டாருக்குப் போய் வேலை செய்துவிட்டுத் திரும்புகிற வழியில் களவு போயிருக்கிறது. போனிலேயே அடுத்த உத்தரவு கொடுத்தாள். ஜம்பர் கேபிளின் ஒரு முனையை நெகட்டிவில் கடிக்க விட்டு, மறுமுனையை நேராக எஞ்சின் இரும்பில் பிடிக்கச் சொன்னாள். டிரைவர் அண்ணன் பிடித்தார், சாவியைத் திருப்பினார். வண்டியார் முதல் திருப்பில் எடுத்தார். தள்ளுவதற்காக இறங்கி வந்த நாமக்கல் கிளீனருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்று கேள்வி.

மாலையில் வண்டியாரைப் பள்ளத்தின் மேல் நிறுத்திக் கீழே இறங்கிப் பார்த்தோம். எஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டில், ரப்பர் கரண்டை விடாது. அதனால் எஞ்சினையும் சேசிஸையும் இணைக்க ஒரு செம்புப் பின்னல் பட்டை இருக்கிறது. சேசிஸ் பக்கத்து போல்ட்டைக் கழற்றினாள். பட்டையின் காதுக்கும் சேசிஸுக்கும் நடுவே கறுப்புப் பெயின்ட், நகத்தால் கீறினால் அதற்கடியில் பழைய கறுப்பு, அதற்கும் அடியில் துரு. ஒவ்வொரு எஃப்.சி.க்கும் பட்டையைக் கழற்றி, அழகாகப் பெயின்ட் அடித்து, அதன் மேலேயே திரும்ப மாட்டியிருக்கிறார்கள். இரும்பை இரும்பு தொட்டது போல்ட்டின் துருப்பிடித்த மரையில் மட்டும். எஞ்சின் குலுங்கும்போது அந்த மரை சில சமயம் தொடும், சில சமயம் தொடாது. பட்டறையில் தொட்டது, அத்திப்பள்ளியில் தொடவில்லை. தொடாத நேரத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேறு வழி தேடியிருக்கிறது. எஞ்சினையும் பாடியையும் இணைக்கிற இன்னொரு இரும்பு எது? ஆக்சிலரேட்டர் கேபிள். செல்ஃப் அடிக்கும்போதெல்லாம் அந்த மெல்லிய கம்பி சூடாகி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை இளகி ஒட்டிக்கொண்டது. மாற்றிய கேபிள்கள் எல்லாம் எர்த் வேலை பார்த்து உயிர் விட்ட தியாகிகள்.

உப்புத்தாள் ஒன்று. சேசிஸில் காசு அகலத்துக்கு வெள்ளையாகத் தேய்த்து, காதையும் தேய்த்து, போல்ட்டை முறுக்கி, மேலே வாசலைன் தடவினாள். செல்ஃப் அடித்துப் பார்த்தால் 0.1.

இதன் பிறகு எல்லோரும் நடந்துகொண்ட பெருந்தன்மையை எழுதாவிட்டால் நான் நன்றி கெட்டவன். மெக்கானிக் வந்து பார்த்து, "நான் அப்பவே எர்த்தாத்தான் இருக்கும்னு நெனச்சேன் பாப்பா" என்றார். நினைத்ததை வெளியே சொல்லாமல் இத்தனை பில்லாக மனசுக்குள்ளேயே அடைகாத்த அவருடைய அடக்கத்துக்கு எல்லை இல்லை. கழற்றிப் போட்ட பழைய செல்ஃப் மோட்டாரும் பேட்டரியும் நல்ல நிலையில்தான் இருந்தன என்று தெரிந்ததும், எங்கே இருக்கின்றன என்று முதலாளி கேட்டார். எக்ஸ்சேஞ்சில் போய்விட்டன. எங்கோ யாரோ ஒருவருடைய வண்டியில் அவை இன்று ஒரே திருப்பில் எடுத்துக்கொண்டிருக்கும். வண்டியார் செய்த தானம் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலாளிக்கு நோய் தீர்ந்த மகிழ்ச்சியைவிட, இத்தனை செலவு செய்த நோய் ஓர் உப்புத்தாளுக்கு அடங்கிவிட்டதே என்ற வருத்தம்தான் அதிகம். பெரிய மனிதருக்கு வருகிற நோய் கொஞ்சமாவது கௌரவமாக இருக்க வேண்டாமா? ஆனாலும் திறமையை மதிக்கத் தெரிந்தவர். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, இன்ஸ்பெக்ஷனோடு சேர்த்து இனி பட்டறையின் எல்லா வண்டிகளையும் ஜெனரேட்டரையும் அவளே பார்த்துக்கொள்ளலாம் என்று பொறுப்பைக் கூட்டினார். உதவித்தொகை அப்படியேதான் இருக்கிறது. அவள் கொடுத்த ஒய்-ஒய் அட்டவணையில் ஐந்தாவது கட்டத்தில் 'பெயின்ட் அடிக்கும் முன் எர்த் இடத்தை மறைக்க வேண்டும்' என்று எழுதியிருந்தாள். அதைச் சுவரில் ஒட்டினோம். கண்ணாடி பிரேம்கூடப் போட்டாயிற்று.

போன வாரம் எஃப்.சி.க்காக வண்டியாரைப் பெயின்டரிடம் விட்டோம். எர்த் பட்டையின் மேல் அவள் மாஸ்கிங் டேப் ஒட்டி, 'கழற்ற வேண்டாம்' என்று மார்க்கரால் எழுதி அனுப்பியிருந்தாள். பெயின்டர் தொழிலில் சுத்தக்காரர். டேப்பைப் பார்த்தார், அதன் பிசுக்கைப் பார்த்தார், உள்ளே வெள்ளையாகத் தெரிந்த இரும்பைப் பார்த்தார். "இப்படியே விட்டா துரு ஏறிடும் சார்" என்று சொல்லி, போல்ட்டைக் கழற்றி, வாசலைனைத் துடைத்து, இரண்டு கோட் கறுப்பு அடித்து, காய்ந்ததும் பட்டையை அழுத்தமாகத் திரும்ப முடுக்கியிருக்கிறார். கூடுதல் வேலைக்குக் காசுகூடக் கேட்கவில்லை. வண்டியார் எஃப்.சி.யில் ஒரு குறையும் இல்லாமல் தேறிவிட்டார். நேற்று ஜூஜூவாடி தாண்டி ஒரு தடவை 'டக்' என்றாராம். மெக்கானிக் புதுப் பேட்டரிக்கு விலை விசாரித்து வைத்திருக்கிறார்.